நூலக நிறுத்தத்தில் நாலு நிமிஷம்

ஒன்பது நாளாக அந்த வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் இரண்டு கடிதங்கள் தொங்குகின்றன. இடது பக்கம் மேட்டுப் பல்கலைக்கழகம். வலது பக்கம் துறைமுகப் பல்கலைக்கழகம். இரண்டும் ஒரே நகரத்தில்தான் இருக்கின்றன. இரண்டிலும் நிதித்துறைப் படிப்புக்கு இடம் கிடைத்திருப்பதும் ஒரே பெண்ணுக்குத்தான். சந்தோஷப்பட வேண்டிய விஷயத்தில் சண்டை எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் ஒரு வேளை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பெண்ணுக்கு வயது பதினேழு. வீட்டில் பெயர் வட்டி. ஆறு வயதில் அப்பாவுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்துவிட்டு மறுநாள் மூன்றாகத் திருப்பிக் கேட்டவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அம்மா பஸ் ஓட்டுகிறவள். பதினோரு வருஷமாக ஒரே ரூட், பதினேழாம் நம்பர். அதனால் டிப்போவில் எல்லோருக்கும் அவள் பதினேழக்கா. அப்பா லிஃப்ட் மெக்கானிக். துறைமுகப் பக்கம் வரிசையாக நிற்கிற வங்கிக் கட்டடங்களின் லிஃப்டுகள் எல்லாம் அவர் பொறுப்பு. அங்கேயே இருக்கிற துறைமுகப் பல்கலைக்கழகத்தின் லிஃப்டும் அதில் சேர்த்தி.

"நூத்திப்பத்து வருஷப் பல்கலைக்கழகம்ங்க. மேட்டுல படிச்சேன்னு சொன்னாலே எந்த பேங்க்லயும் எழுந்து நின்னு உட்காரச் சொல்லுவாங்க" என்பாள் பதினேழக்கா.

"எழுந்து நிக்கிறவன் நாற்காலியைக் குடுப்பானா? துறைமுகத்துல ரெண்டாவது வருஷமே பேங்க்ல பயிற்சி. படிக்கும்போதே வேலை" என்பார் லிஃப்ட்காரர்.

"அதைக் கட்டித் திறந்து பன்னெண்டு வருஷம்கூட ஆகலையே, பெயின்ட் வாசனை போச்சா முதல்ல?"

"உங்க மேட்டுல ஒட்டடை போச்சா?"

இப்படியே ஒன்பது நாள். போன வாரம் வட்டி பாதிச் சாப்பாட்டில் எழுந்துகொண்டாள். "நீங்க ரெண்டு பேரும் எப்ப முடிவு பண்றீங்களோ, அப்ப எனக்கும் சொல்லுங்க" என்று தட்டைக் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போனாள். அதிலிருந்து அவள் இரண்டு பேரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்றைக்குக் கடைசி நாள். மாலை நாலு மணிக்குள் இரண்டில் ஒன்றுக்குச் சம்மதம் சொல்லியாக வேண்டும்.

பதினேழக்கா அந்தக் காரியத்தைக் காலையிலேயே முடித்துவிட்டாள். ஆறு மணிக்கு டிப்போவில் வண்டியின் டயரைத் தட்டிப் பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்தாள், ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தாள். அந்த வீட்டுக்கு மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில். பாஸ்வேர்டும் ஒன்றே. கல்யாணமான புதிதில் அவர்கள் இரண்டு பேருமாகத் திறந்தது, பெண் பிறந்த பிறகும் வேறு திறக்கத் தோன்றவில்லை. இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான சேர்க்கை மையத்தின் இணையப் பக்கத்துக்குள் போக அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

துறைமுகம் என்ற இடத்தில் சம்மதத்தை அழுத்தினாள்.

ஆமாம், துறைமுகம்தான். நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஸ்குரூ டிரைவர் தேடி வீட்டுக்காரருடைய கருவிப் பையைத் திறந்தாள். அதில் ஒரு புது சாப்பாட்டு டப்பா இருந்தது. சின்னது, பச்சை மூடி, கடை உறைகூடப் பிரிக்கவில்லை. அவருடைய பழைய டப்பாவுக்குப் பக்கத்திலேயே இடம் ஒதுக்கி வைத்திருந்தார். மகள் துறைமுகத்தில் சேர்ந்தால் மதியம் ஒரு மணிக்குத் தன்னோடு சாப்பிடுவாள் என்று மனிதர் மனக்கோட்டை கட்டியிருக்கிறார்! இதை வாயைத் திறந்து சொல்லாமல், ஒன்பது நாளாகப் பயிற்சி, வேலை, வங்கி என்று அளந்துகொண்டிருக்கிறார். அவளுக்குச் சிரிப்பு வந்தது. டப்பாவை இருந்த மாதிரியே வைத்துப் பையை மூடினாள்.

சரி, போகட்டும், அவருக்கே விட்டுக்கொடுப்போம் என்று முடிவு செய்தாள். முடிவு செய்தது சுலபம். அழுத்தியதும் சுலபம். அதற்கப்புறம்தான் கஷ்டம் தொடங்கியது.

ஏனென்றால் அவளுக்கும் ஒரு மனக்கோட்டை இருந்தது. பதினேழாம் நம்பர் வண்டி மேட்டுப் பல்கலைக்கழகத்தின் வாசலில் நிற்கும். முப்பத்தோராவது ஸ்டாப். காலை எட்டுப் பத்து. தன் வண்டியில் ஏறி, தனக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த வாசலில் மகள் இறங்கிப் போவதை அவள் எத்தனையோ தடவை கண்ணாடியில் பார்த்துவிட்டாள். இனி நாலு வருஷம் அந்த ஸ்டாப்பில் ஊரார் பிள்ளைகளை இறக்கிவிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவளால் முடியாது.

நேராக ட்யூட்டி கிளார்க்கின் ஜன்னலுக்குப் போனாள்.

"சார், எனக்கு ரூட் மாத்திக் குடுங்க."

கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "என்னது?"

"எந்த ரூட்டா இருந்தாலும் சரி. பதினேழு மட்டும் வேண்டாம்." சொன்னதோடு நில்லாமல் மேஜையையும் ஒரு தட்டுத் தட்டினாள்.

ரூட் நம்பரையே பெயராக வைத்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தவள் இப்படிக் கேட்டால் யார்தான் விழிக்க மாட்டார்கள்? கிளார்க் படிவத்தை நீட்டினார். அவள் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தாள். மனசு கனமாகத்தான் இருந்தது. ஆனாலும் இரவு சாப்பாட்டில் வீட்டுக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அதற்கும் மேலே இருந்தது.

பன்னிரண்டரைக்கு முனையத்தில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்தாள். வட்டியிடமிருந்து பதினான்கு தவறிய அழைப்புகள்.

"அம்மா!" குரலே சரியில்லை. "ரெண்டும் போச்சும்மா!"

"என்னடி ரெண்டும்?"

"ரெண்டு சீட்டும். ரெண்டுக்கும் யாரோ சம்மதம் குடுத்திருக்காங்க. ஒரே ஆள் ரெண்டு இடத்துல கை வெச்சா ரெண்டையும் நிறுத்தி வெச்சிடுவாங்களாம். நாலு மணிக்குள்ள நேர்ல போயி ஒண்ணை எழுதிக் கொடுக்கணும், இல்லேன்னா ரெண்டும் வேற ஆளுக்கு. நான் கையே வைக்கலம்மா!"

பதினேழக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். "நான் துறைமுகத்தை மட்டும்தானே அழுத்தினேன்..."



"நீயா? துறைமுகத்தையா? அப்போ மேட்டை யாரு?"

யார் என்று சொல்லவும் வேண்டுமா? லிஃப்ட்காரரைப் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒரு வங்கிக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் தலையில் நின்று கம்பிவடம் மாற்றிக்கொண்டிருந்தார். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது.

"என்னங்க, காலையில போன்ல ஏதாவது அழுத்தினீங்களா?"

"அது... உனக்கு ராத்திரி சொல்லலாம்னு இருந்தேன்."

"மேட்டையா?"

"ஆமா, உனக்குப் பிடிச்சதுதானே."

பதினேழக்கா முனையத்துச் சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒன்பது நாள் முட்டிக்கொண்டவர்கள் பத்தாம் நாள் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்து, பெண்ணின் இரண்டு சீட்டையும் சேர்த்துக் கவிழ்த்திருக்கிறார்கள். இந்தக் காரியத்தைச் செய்ய வேறு எந்த வீட்டாலும் முடியாது.

வட்டிக்குப் பதினெட்டு ஆகவில்லை, அதனால் பெற்றோரில் ஒருவர் கூட வந்து கையெழுத்துப் போட வேண்டும். பதினேழக்கா வண்டியை விட்டு இறங்க முடியாது. பாதி மாட்டிய வடத்தை விட்டு லிஃப்ட்காரராலும் இரண்டரைக்கு முன்னால் வர முடியாது. ஆகக்கூடி ஒரே வழிதான். சேர்க்கை மையம் பதினேழாம் நம்பர் போகிற பாதையில் இருக்கிறது. மூன்று ஐந்துக்குக் கிளம்புகிற வண்டி மூன்று நாற்பத்துநாலுக்கு மையத்து வாசலில் நிற்கும்.

மூன்று ஐந்துக்கு அப்பாவும் மகளும் ஏறினார்கள். லிஃப்ட்காரர் முழங்கைவரை கிரீஸ். ஏறியவுடன் மனைவியைப் பார்த்து அசடு வழிந்தார். வட்டி யாரையும் பார்க்கவில்லை. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கிற முதல் இருக்கையில், மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கண்ணு..." என்று ஆரம்பித்தாள் பதினேழக்கா.

வட்டி விரலை நீட்டி மேலே காட்டினாள். அங்கே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது.

பதினேழக்கா வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்தாள். கண்ணாடியில் மகளுடைய முகம் தெரிந்தது, எள்ளும் கொள்ளும் வெடித்துக்கொண்டு. பதினேழக்காவுக்குப் படபடப்பு காலில் இறங்கிவிட்டது போலிருக்கிறது. எல்லா சிக்னலும் பச்சையாகக் கிடைத்தது. இரண்டு ஸ்டாப்பில் ஆளே இல்லை. நூலக நிறுத்தத்துக்கு வந்து நின்றபோது மணி மூன்று இருபத்துமூன்று.

அங்கேதான் பிரச்சினை. நூலக நிறுத்தம் நேரம் பார்க்கிற நிறுத்தம். வண்டி சீக்கிரம் வந்தாலும் மூன்று இருபத்தேழுக்கு முன்னால் அங்கிருந்து கிளம்பக் கூடாது. ஒரு நிமிஷம் முன்னால் எடுத்தாலும் பின்னால் ஓடி வருகிறவன் பஸ்ஸை விடுவான், புகார் வரும். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட முன்னால் எடுத்ததில்லை. இன்றைக்கு எடுத்தால் என்ன என்று ஒரு வினாடி கை பரபரத்தது. ஆனால் தூரத்தில் கையில் பையோடு ஒரு நர்ஸ் வேக வேகமாக நடந்து வருவது தெரிந்தது. தினமும் வருகிற நர்ஸ்தான்.

பதினேழக்கா இன்ஜினை அணைத்தாள். திரும்பி உட்கார்ந்தாள்.

"இப்ப வண்டி ஓடல. பேசலாம். நாலு நிமிஷம் இருக்கு."

"என்னத்தைப் பேசறது?" வட்டி வெடித்தாள். "அப்பா உனக்கு விட்டுக்கொடுத்தாரு. நீ அப்பாவுக்கு விட்டுக்கொடுத்த. ரொம்ப அழகா இருக்கு. எனக்கு யாரும்மா விட்டுக்கொடுத்தீங்க?"

நர்ஸ் ஏறி, டிக்கெட்டைக் காட்டி, நிலைமை புரிந்து, சத்தம் வராமல் உட்கார்ந்தாள்.

லிஃப்ட்காரர் திருதிருவென்று விழித்தார். "நீதானேம்மா முடிவு பண்ணிச் சொல்லுங்கன்னு சொன்ன..."

"கோவத்துல சொன்னேன்பா! கோவத்துல சொன்னதை யாராவது போன்ல அழுத்துவாங்களா?"

"தப்புதான்" என்றார் அவர். "ஆனா உங்கம்மா போன சனிக்கிழமை என்ன பண்ணினா தெரியுமா? நான் கடைசி சீட்டுல உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. மேட்டு வாசல் ஸ்டாப்புல ஏற ஆள் இல்ல, இறங்க ஆள் இல்ல. வண்டியை நிறுத்தினா. கதவைத் திறந்தா. கொஞ்ச நேரம் கண்ணாடியைப் பார்த்தா. மூடிட்டு எடுத்தா. அதைப் பார்த்துட்டு நான் எப்படி துறைமுகம் துறைமுகம்னு பேசுவேன்?"

பதினேழக்காவுக்குக் கன்னம் சூடாயிற்று. "பழக்கம் பண்ணிப் பார்த்தேன். அது ஒரு குத்தமா? நீங்க பச்சை மூடி போட்ட டப்பா வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கீங்களே, அது என்னவாம்?"

"அதைப் பார்த்துட்டியா?"

"பதினோரு வருஷமா துறைமுகத்துல தனியா சாப்பிடறேன்னு ஒரு நாள் சொல்லியிருக்கீங்களா? சொன்னா நான் என்ன, வேண்டாம்னா சொல்லப்போறேன்?"

வட்டி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நூத்திப்பத்து வருஷம், இரண்டாம் வருஷப் பயிற்சி என்று ஒன்பது நாளாகக் கேட்டதெல்லாம் வெறும் மேல்பூச்சு என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

"அப்போ எனக்கு பஸ்ஸா, டப்பாவான்னுதான் இத்தனை நாள் சண்டையா?"

"கிட்டத்தட்ட" என்றார் லிஃப்ட்காரர்.

பதினேழக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தாறு. மகளுடைய கையைப் பிடித்தாள். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கையில் அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"சரிடி கண்ணு. நானும் இல்ல, அப்பாவும் இல்ல. உனக்கு எது வேணும்?"

வட்டி வாயைத் திறந்தாள். முள் மூன்று இருபத்தேழுக்கு நகர்ந்தது.

"அக்கா, டைம் ஆச்சு" என்றாள் நர்ஸ், வருத்தத்தோடு.

பதினேழக்கா திரும்பி இன்ஜினைக் கிளப்பினாள். பதில் தெரியாமல் வண்டி ஓட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆனால் வட்டி கெட்டிக்காரி. ஓட்டுநருடன் பேசக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது? அப்பா பக்கம் திரும்பி, முன்னால் இருப்பவள் காதில் விழுகிற மாதிரி உரக்க ஆரம்பித்தாள்.

"அப்பா, நான் உங்ககிட்டதான் பேசறேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அம்மா டிப்போவுக்கு ஒரு லெட்டர் வந்துச்சே, ஞாபகம் இருக்கா? ஓய்வூதியத் திட்டம் மாறுது, ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்கன்னு."

"மூணு பக்கம். ஒரு வரி புரியல."

"யாருக்குமே புரியல. நான்தான் ரெண்டு நாள் உட்கார்ந்து படிச்சேன். அம்மாவோட டிப்போ கேன்டீன்ல நாப்பது டிரைவருங்களுக்கு ட்யூட்டி ஷீட் பின்பக்கத்துல எழுதிக் காட்டினேன். டிரைவர் குருவிக்காவெல்லாம் தப்பானதுல டிக் பண்ணி வெச்சிருந்தாங்க, அழிச்சுட்டு மாத்திப் போட்டாங்க. அன்னைக்கு எனக்கு ஒண்ணு தோணிச்சுப்பா. அந்த லெட்டரை எழுதினவன் பெரிய படிப்பு படிச்சவன். ஆனா யாருக்கு எழுதறோம்னு அவனுக்குத் தெரியல. நான் அந்த நாற்காலியில உட்காரணும். முப்பது வருஷம் கழிச்சு ஒருத்தருக்குச் சேர வேண்டியது சரியாச் சேருமான்னு பார்க்கிற வேலை. எனக்கு அதுதான் வேணும்."

லிஃப்ட்காரர் முழங்கையால் கண்ணைத் துடைத்தார், கிரீஸ் நெற்றியில் ஏறிக்கொண்டது.

"அதுக்குத் தனிப்பிரிவு ஒரு இடத்துலதான் இருக்கு. வருஷத்துக்குப் பன்னெண்டு பேர்தான் எடுப்பாங்க. போன மாசம் போயி ஒரு வகுப்புல உட்கார்ந்து பார்த்தேன். அந்த டீச்சர் ஒரு இன்ஷூரன்ஸ் படிவத்தைக் குடுத்து, இதை உங்க வீட்டுல யாருக்குப் புரியும்னு கேட்டாங்க. எனக்கு அங்கிருந்து எழுந்து வரவே மனசு இல்லப்பா."

"எங்கேம்மா?" என்றார் லிஃப்ட்காரர்.

பதினேழக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"துறைமுகத்துல. ஏழாவது மாடி."

"அந்தக் கட்டடத்துல ஏழாவது மாடியே கிடையாதே! லிஃப்ட் ஆறோட நிக்குது. பதினோரு வருஷமா நான்தானே பார்க்கிறேன்!"

"ஆறுக்கு மேல படி இருக்குப்பா. ஒரு நாளாவது கூண்டை விட்டு வெளியில வந்து பார்த்திருக்கீங்களா?"

பஸ்ஸில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். பின்னாலேயே எல்லோரும் சிரித்தார்கள். நர்ஸ் கையையே தட்டிவிட்டாள். லிஃப்ட்காரர் முதலில் முறைத்தார், பிறகு அவரும் சேர்ந்துகொண்டார்.

பதினேழக்கா சிரித்தாள். சிரித்துக்கொண்டேதான் அவளுக்குக் கண் கலங்கியது. மேடு இல்லை என்பது கையில் தைத்த முள் மாதிரி சுருக்கென்றது, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை. ஆனால் நாப்பது டிரைவர்களுக்கு நடுவில், இரட்டைப் பின்னலோடு, பேனாவைக் காதில் செருகிக்கொண்டு நின்ற பதினாலு வயசுப் பெண் ஞாபகம் வந்தாள். அன்றைக்கு டிப்போவே வாயைப் பிளந்து பார்த்தது. இந்தப் பெண்ணுக்கா நாம் ஸ்டாப் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

மூன்று நாற்பத்துநாலுக்குச் சேர்க்கை மையத்தின் வாசலில் கதவு திறந்தது. ஒரு நிமிஷம் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை.

"ஓடுங்க!" என்றாள் பதினேழக்கா. "என்னங்க, கையைத் துடைச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க!"

மேட்டு வாசலில் இன்று இறங்கக் கூட்டம் இருந்தது. அவள் கதவைத் திறந்தாள், மூடினாள். கண்ணாடியைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது நாலு இருபத்தைந்துக்கு அவர்கள் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்தார்கள். வட்டி ஒரு தாளைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். பார்த்தவுடனே பதினேழக்காவுக்கு உயிர் வந்தது. அப்பாவும் மகளும் ஏறினார்கள், பஸ்ஸில் யார் யாரோ வாழ்த்துச் சொன்னார்கள். வட்டி மறுபடி முதல் இருக்கையில் உட்கார்ந்து அப்பாவிடம் உரக்கப் பேசினாள்.

"அப்பா, இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன். அந்தப் பிரிவுக்கு முதல் ரெண்டு வருஷம் கணக்கு வகுப்பை ரெண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் நடத்துறாங்க. செவ்வாயும் வியாழனும். காலையில எட்டரைக்கு."

"எங்க?"

"மேட்டுல. எட்டுப் பத்துக்கு வாசல்ல இறங்கினா சரியா இருக்கும்."

பதினேழக்காவுக்குக் காதில் விழுந்ததை நம்ப இரண்டு ஸ்டாப் ஆயிற்று. சிவப்பு விளக்கில் வண்டி நின்றதும் திரும்பிப் பார்த்தாள். "அடிப்பாவி! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா, அதுக்காகத்தான் எடுத்தேன்னு நீங்க ரெண்டு பேரும் மறுபடி ஆரம்பிச்சிருப்பீங்க" என்றாள் வட்டி. "இது எனக்காக எடுத்தது. பஸ் அதுல சும்மா கூட வந்தது."

செவ்வாய். வியாழன். எட்டுப் பத்து. பதினேழக்காவுக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே ஆட வேண்டும் போலிருந்தது. வாரத்துக்கு இரண்டு நாள்! தனக்குப் பின்னால் அந்த இருக்கை! தன் பதினேழாம் நம்பர் வண்டியில்...

விளக்கு பச்சையானது. அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

"என்னம்மா?" என்றார் லிஃப்ட்காரர்.

"ஐயோ" என்றாள் பதினேழக்கா. "படிவம்!"

ஐந்து மணிக்கு டிப்போவுக்குள் வண்டியை நிறுத்தி, சாவியைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினாள். பதினோரு வருஷத்தில் அவள் ஓடி அந்த டிப்போ பார்த்ததில்லை. ட்யூட்டி கிளார்க்கின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

"சார், காலையில ஒரு படிவம் குடுத்தேனே... அது வேண்டாம்."

கிளார்க் கண்ணாடியைக் கழற்றினார். "எந்த ரூட்டா இருந்தாலும் சரி, பதினேழு மட்டும் வேண்டாம்னு இந்த மேஜையைத் தட்டினது யாரு?"

"நான்தான் சார். புத்தி கெட்டுப் போய்க் கேட்டேன். இப்ப புத்தி வந்து கேக்கறேன்."

எல்லாவற்றையும் சொன்னாள். டப்பா, ஸ்டாப், ஏழாவது மாடி, செவ்வாய், வியாழன், ஒன்றையும் விடவில்லை. கிளார்க் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார். அந்த ஓய்வூதியக் கடிதம் வந்தபோது அவருக்கும் வட்டிதான் விளக்கிச் சொன்னாள். ஆனாலும் தலையை ஆட்டினார்.

"நான் என்னம்மா பண்ணட்டும்? பதினேழு காலின்னு பலகையில போட்டவுடனே குருவி வந்து கையெழுத்துப் போட்டுட்டா. ரெண்டு வருஷமா அந்த ரூட்டுக்குக் காத்திட்டிருக்கா. இன்னைக்கு மாலை ஷிஃப்டுல இருந்து அவளோடது. அவளாத் திருப்பிக் கொடுத்தாத்தான் உண்டு."

பதினேழக்கா திரும்பிப் பார்த்தாள். குருவி ஏற்கெனவே வண்டியில் ஏறிவிட்டிருந்தாள். டிப்போவிலேயே உயரம் குறைந்த டிரைவர், அதனால்தான் அந்தப் பெயர். வாய் மட்டும் நாலு ஆளுக்கு. ஒருமுறை கையில் கிடைத்ததை அவள் திருப்பிக் கொடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. வட்டியும் லிஃப்ட்காரரும் வண்டிக்குப் பக்கத்தில், எதுவும் புரியாமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

பதினேழக்கா வண்டியை நோக்கி நடந்தாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை. கெஞ்சுவதா? அழுவதா? இன்றைக்கு அவள் கெஞ்சவும் தயாராக இருந்தாள்.

கிட்டே போனபோது ஓட்டுநர் இருக்கையிலிருந்து முக்கல் முனகல் கேட்டது. குருவியின் கால் பிரேக்கைத் தொடவில்லை. இருக்கைக்குக் கீழே இருக்கிற கம்பியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது.

"அக்கா! நல்லவேளை வந்தீங்க" என்றாள் குருவி. "இந்தச் சீட்டு முன்னால நகரவே மாட்டேங்குதே. அடுத்த ட்ரிப்புக்கு இன்னும் ஆறு நிமிஷம்தான் இருக்கு. இது எப்படிக்கா நகரும்?"

அந்தக் கம்பியை இழுக்கக் கூடாது. முதலில் இடது பக்கம் ஒரு தட்டுத் தட்டி, பிறகு மேலே தூக்க வேண்டும். பதினோரு வருஷமாக அது பதினேழக்காவுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் மகளைப் பார்த்தாள். பிறகு படியில் ஒரு காலை வைத்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சிரித்தாள்.

"சொல்றேன் குருவி. அதுக்கு முன்னாடி செவ்வாய், வியாழனைப் பத்தி உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."